குடிக்கணக்கும் குடியேற்றமும்

ஒரு நாட்டில் அயலார் தொகை பெருகின் அவர்மீது வெறுப்பும் உடன் பெருகும் என்பது பலர் கொள்கை. இஃது எத்துணை உண்மை என்பதை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு கொண்டு ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1890ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அந்நாட்டு மக்களுள் பிறநாட்டிற் பிறந்தோர் நூற்றுக்கு 14.8 பேர், 1910இல் 14.7 பேர். விகிதம் ஏறவில்லை. ஆயினும் இவ்விடைக்காலத்தே குடியேறுவோர்மீது வெறுப்பு வளர்ந்தது. காரணம் யாது? முன்னர் வந்தோருட் பெரும்பாலார் ஜெர்மனி, அயர்லாந்து, இங்கிலாந்து முதலிய நாட்டினர். பின்னர் வந்தோருள் இத்தாலியரும், போலந்தியரும், ருஷ்ய நாட்டு யூதரும் மிக்கனர். மொழியும் வழிபாடும் நடையுடையும் வேறாயின. 1907ஆம் ஓராண்டில் மட்டும் பன்னிரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்திறங்கினர். எனவே, மக்கள் உள்ளத்தை அசைப்பது தொகை மட்டுமன்று. வருவோர் யாவர் என்னும் மாறுதலும், அம்மாறுதலின் விரைவுமாம் என அறிகின்றோம்.

இம்மனப்பான்மை பின்னர்ச் சட்டமாயிற்று. 1910இல் அங்கு வாழ்ந்த ஒவ்வொரு நாட்டார் தொகையிலும் நூற்றுக்கு மூவர் வீதம் ஆண்டுதோறும் வரலாம் என்றது 1921ஆம் ஆண்டுச் சட்டம். 1924ஆம் ஆண்டுச் சட்டமோ அதனை நூற்றுக்கு இருவராகக் குறைத்ததோடு அமையாது, 1890ஆம் ஆண்டுக் கணக்கையே அளவுகோலாகக் கொண்டது. இத்தாலியர் மிகுதியாக வருமுன் எடுக்கப்பட்ட கணக்கு அது. அதனால் இத்தாலியர்க்குரிய அளவு 42,057இலிருந்து 3,845 ஆகச் சுருங்கிற்று. ஜெர்மானியர்க்கோ 50,000க்குக் குறையவில்லை. கணக்கேடே மதிலாயிற்று! நம் இந்தியர்க்கு 1917ஆம் ஆண்டுச் சட்டமே கதவடைத்திருந்தது. ஆண்டுக்கு 100 பேர் வரலாம் என 1946இல்தான் அது சிறிது திறந்தது.

காலம் சென்றது. 1960இல் பிறநாட்டிற் பிறந்தோர் நூற்றுக்கு 5.4 பேராகக் குறைந்தனர். முன்பு வெறுக்கப்பட்டோரின் பிள்ளைகள் அந்நாட்டுப் பள்ளிகளிற் பயின்று, இரண்டாம் உலகப் போரில் அந்நாட்டுக்காகப் போர் புரிந்து, வாக்களிக்கும் குடிகளாயும் விளங்கினர். 1965இல் நாட்டுவாரி அளவு நீக்கப்பட்டது. அதன்பின் ஆசியாவினின்றும் இலத்தீன் அமெரிக்காவினின்றும் பலர் குடியேறினர். 2023இல் விகிதம் மீண்டும் 14க்கு மேல் ஏறிற்று. பழைய பூசலும், இம்முறை வேறு மக்களைக் குறித்து, மீண்டும் எழுந்தது.

மோவாப் நாட்டினின்று பெத்லகேமுக்கு வந்து பிறர் வயலிற் கதிர் பொறுக்கிய ரூத்தின் கொள்ளுப்பேரனே தாவீது அரசன். ஒரு தலைமுறைக் கணக்கை மட்டும் கொண்டு அயலாரை அளக்க முற்படுங்கால் நாம் இதனை மறவாதிருத்தல் நன்று.