அந்த 322 படங்களை எப்படிப் படிப்பது

அன்புள்ள மருமகளே,

இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு மார்பகப் புற்றைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை எடுத்திருப்பதாகவும், அது மேமோகிராம் படங்களில் 98 சதவீதம் சரியாகச் சொல்வதாகவும் எழுதியிருந்தாய். சிவகாசியில் பிறந்த பெண் இதைக் கையில் எடுத்தது எனக்குப் பெருமைதான். இந்தப் படங்களைப் பார்த்துச் சொல்வதே என் தொழில் என்பதால், அந்த 98ஐ நம்புவதற்கு முன் நீ விசாரிக்க வேண்டியவை எவை என்று தெரியும். அவற்றில் பெரும்பாலானவை கோடிங் பற்றியவை அல்ல. படங்கள் யாருடையவை, எந்தக் கருவியில் எடுத்தவை, இது புற்று என்று யார் எதை வைத்து முடிவு செய்தார்கள் என்பவை.

நீ எடுத்திருப்பது மியாஸ் தொகுப்பு. பிரிட்டனின் தேசிய மார்பகப் பரிசோதனைத் திட்டத்தில் எடுத்த பிலிம்களை ஸ்கேன் செய்து, அங்குள்ள ஆய்வாளர்கள் 1994இல் பொதுவில் கொடுத்தது. 161 பெண்கள், ஆளுக்கு இரண்டு படம், மொத்தம் 322. கேட்டவருக்கெல்லாம் கிடைத்ததால் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எத்தனையோ ஆய்வேடுகள் இதை வைத்தே எழுதப்பட்டன. பகிர்ந்து கொடுத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அந்தக் கடனைத் தீர்க்க ஒரே வழி, படங்களோடு வரும் குறிப்புக் கோப்பை முழுதாகப் படிப்பது. பலர் படிப்பதில்லை.

முதலில் எண்ணிக்கையைப் பார். 200க்கும் மேற்பட்ட படங்களில் ஒன்றுமே இல்லை. புற்று என்று உறுதியானவை ஐம்பது சொச்சம்தான். எந்தப் படத்தைக் காட்டினாலும் ‘புற்று இல்லை’ என்று மட்டும் சொல்லும் ப்ரோக்ராம்கூட இதில் 80 சதவீதத்துக்கு மேல் வாங்கிவிடும். ஆகவே மொத்தச் சதவீதத்தை ஓரமாக வை. புற்றுள்ளவற்றில் எத்தனையைப் பிடித்தது, இல்லாதவற்றில் எத்தனையைத் தேவையில்லாமல் சந்தேகப்பட்டது என்று இரண்டு கணக்காக எழுது.

அடுத்தது படங்களைப் பிரித்த விதம். 001, 002 என்று அடுத்தடுத்து வரும் ஜோடிப் படங்கள் ஒரே பெண்ணின் இரண்டு மார்பகங்கள். கண்ணை மூடிக்கொண்டு கலைத்துப் போட்டால் ஒன்று பயிற்சிக்கும் மற்றொன்று சோதனைக்கும் போய்விடும். படங்கள் போதவில்லை என்று திருப்பியும் சாய்த்தும் நகலெடுத்து, அதற்குப் பிறகு பிரித்தாயானால் இன்னும் மோசம். ஒரே படத்தின் நகல் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கும். அப்போது மென்பொருள் புற்றைக் கற்றிருக்காது, அந்தப் பெண்ணை அடையாளம் காணக் கற்றிருக்கும். உன் 98இல் பாதிச் சந்தேகம் எனக்கு இங்கேதான்.

கட்டியின் இடத்தைக் குறிக்கும் எண்களிலும் ஒரு பொறி இருக்கிறது. மியாஸில் அளவு தொடங்குவது படத்தின் கீழ் இடது மூலையிலிருந்து. நீ எழுதும் ப்ரோக்ராம் பெரும்பாலும் மேல் இடது மூலையிலிருந்து எண்ணும். மாற்றாமல் வட்டம் போட்டால், நோயில்லாத திசுவை வெட்டியெடுத்து ‘இதுதான் புற்று’ என்று கணினிக்குச் சொல்லிக்கொடுப்பாய்.

நுணுக்கத்தைப் பற்றி உனக்குச் சொல்வது சுலபம், ஏனென்றால் உன் அப்பா அச்சகத்தில் லென்ஸை வைத்துப் புள்ளி பார்ப்பவர். சிவகாசிக் காலண்டரை 150 லைன் ஸ்கிரீனில் அடித்தால் புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே சுமார் 170 மைக்ரான். மியாஸ் பிலிம்களை முதலில் 50 மைக்ரான் நுணுக்கத்தில் ஸ்கேன் செய்தார்கள். நீ இறக்கிக்கொண்டது 200 மைக்ரானுக்குச் சுருக்கிய சிறிய பதிப்பு. அதாவது காலண்டர் சாமி படத்தைவிடக் கரடுமுரடு. தொடக்க நிலைப் புற்றின் தடயமாக நாங்கள் தேடும் சுண்ணாம்புத் துகள்களில் பல 100, 200 மைக்ரான் அளவே இருக்கும். சுருக்கும்போதே காணாமல் போனதை எந்தக் கணினியாலும் கண்டுபிடிக்க முடியாது. இந்தத் தொகுப்பில் துகள்களைத் தேடுவதாகச் சொல்லாதே, கட்டிகளைப் பற்றி மட்டும் பேசு.

பெரிய தொகுப்பு வேண்டுமென்றால் அமெரிக்காவின் டிடிஎஸ்எம் இருக்கிறது. 1990களின் கடைசியில் தெற்கு புளோரிடா பல்கலைக்கழகம் வெளியிட்டது, சுமார் 2,600 பெண்கள். அதையே 2017இல் சீர்படுத்தி, பயிற்சிக்கு எது, சோதனைக்கு எது என்றும் பிரித்து, சிபிஐஎஸ் என்ற பெயரில் தந்தார்கள். ஆனால் அந்தப் பிலிம்கள் வெவ்வேறு மருத்துவமனைகளில், வெவ்வேறு ஸ்கேனர்களில் போனவை. நோயுள்ள படங்கள் ஒரு ஸ்கேனரிலும் இல்லாதவை வேறொன்றிலும் அதிகம் இருந்துவிட்டால், மென்பொருள் ஸ்கேனரைப் பார்த்தே விடை சொல்லப் பழகிவிடும். போர்த்துகலின் இன்பிரெஸ்ட் 2012இல் வந்தது. 410 படங்கள்தான், ஆனாலும் டிஜிட்டல் கருவியில் எடுத்தவை, கட்டியின் ஓரம் அழகாக வரையப்பட்டவை. வியட்நாமின் விண்டிஆர் தொகுப்பில் 5,000 பரிசோதனைகள், 20,000 படங்கள். ஆசியப் பெண்கள் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். ஆனால் அதில் விடையாக இருப்பது ரேடியாலஜிஸ்டுகளின் சந்தேக அளவு. சதையை எடுத்துச் சோதித்த பயாப்சி முடிவு அல்ல. ‘டாக்டர் சந்தேகப்பட்டார்’ என்பதும் ‘புற்றேதான்’ என்பதும் ஒன்றல்ல. எந்த விடையைக் கற்பித்தாய் என்று அறிக்கையில் முதல் பக்கத்திலேயே எழுது.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. இந்தத் துறை ஒருமுறை சூடுபட்டிருக்கிறது. 1998இல் அமெரிக்க அரசு முதல் கணினித் துணைக் கருவிக்கு அனுமதி கொடுத்தது. மருத்துவமனைகள் போட்டிபோட்டு வாங்கின. 2007இல் வந்த ஆய்வு, கருவி வந்தபின் பயாப்சி கிட்டத்தட்ட 20 சதவீதம் கூடியது, பிடிபட்ட புற்று குறிப்பிடும்படி கூடவில்லை என்றது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து 2015இல் வந்த ஆய்வும் பலன் காணவில்லை. இன்றைய மென்பொருட்கள் வேறு வகை. ஸ்வீடனில் நடந்த மசாய் ஆய்வின், 80,000 பெண்களை வைத்த முதல் முடிவுகள் 2023இல் வந்தன. பிடிபடும் புற்று குறையாமலே, டாக்டர்கள் படம் பார்க்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது. நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் அந்த நம்பிக்கை தொகுப்பில் வாங்கிய மதிப்பெண்ணால் வரவில்லை, பெண்கள் வரிசையில் நின்று பரிசோதித்துக்கொண்ட இடத்தில் வந்தது.

இனி நம் ஊருக்கு வா. ஆயிரம் பெண்களில் ஐந்து பேருக்குப் புற்று என்று வைத்துக்கொள். உன் மென்பொருள் புற்றில் 90 சதவீதத்தைப் பிடிக்கும், நோயில்லாதவரில் 90 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடும் என்றும் வைத்துக்கொள். ஐந்தில் நான்கு அல்லது ஐந்து பேர் கிடைப்பார்கள். கூடவே நோயே இல்லாத சுமார் நூறு பேரையும் ‘வா’ என்று கூப்பிடும். கம்பி மத்தாப்பு அடுக்கும் பெண்ணுக்கு அந்த அழைப்பு என்றால் ஒருநாள் கூலி போகும், மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும், முடிவு வரும்வரை தூக்கம் வராது, அக்கம்பக்கத்துப் பேச்சு வேறு. அந்த நூறைத் தொண்ணூறாகக் குறைப்பதும் மருத்துவம்தான்.

இன்னொன்று. பிரிட்டனில் அந்தக் காலத்தில் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்கள் 50 முதல் 64 வயது வரை உள்ளவர்கள். நம் நாட்டில் இந்த நோய் மேலை நாடுகளைவிடச் சுமார் பத்தாண்டு முன்னதாகவே வருகிறது. இளம் மார்பகம் அடர்த்தியானது. படத்தில் அது வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளையாகவே தெரியும். நாற்பது வயது திருத்தங்கல் பெண்ணின் படம் உன் மென்பொருளுக்கு முன்பின் தெரியாதது.

நம் பெண்களின் படங்களையே சேர்த்தால் என்ன என்று கேட்பாய். கேட்க வேண்டும். ஆனால் இங்கே அரசுத் திட்டத்தில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை கையால்தான் நடக்கிறது. கட்டி தட்டுப்பட்டவர்களே மேமோகிராமுக்கு வருகிறார்கள். அதைக் குறைவாக எண்ணாதே. மும்பையில் ஒன்றரை லட்சம் பெண்களை இருபதாண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2021இல் வெளியானது. பயிற்சி பெற்ற பெண்களின் கைப் பரிசோதனை, 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகப் புற்று மரணத்தை ஏறக்குறைய 30 சதவீதம் குறைத்தது. ஆக, நம் மருத்துவமனைகளிலிருந்து தொகுக்கும் படங்களில் கைக்கே தட்டுப்படும் பெரிய கட்டிகள்தான் நிறைய இருக்கும். அதில் தேறிய மென்பொருள், கைக்குத் தெரியாத சிறு கட்டியிடம் தோற்கும். இதை ஒளிக்காமல் எழுதிவைத்தால் அந்தத் தொகுப்புக்கும் பயன் உண்டு.

முடியாத காரியம் அல்ல. பக்கத்து மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை செய்து காட்டியிருக்கிறது. சர்க்கரை நோயால் கெடும் விழித்திரையைக் கணினி கண்டறியலாம் என்று 2016இல் வந்த புகழ்பெற்ற கூகுள் ஆய்வில் அரவிந்தின் படங்களும் இருந்தன. 2019இல் கிராமங்களில் எடுத்த 3,662 விழித்திரைப் படங்களை, நிலை குறித்து, உலகப் போட்டி ஒன்றுக்குப் பொதுவில் கொடுத்தார்கள். அதே ஆண்டு வெளிவந்த ஆய்வில், அரவிந்திலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் நேரில் வந்த 3,049 நோயாளிகளிடம் கூகுளின் மென்பொருளைச் சோதித்துப் பார்த்தார்கள். நம் வட்டாரத்துக் கண்களை வைத்து உலகம் கற்றது.

மார்பகம் கண்ணைப் போலச் சுலபமாகக் காட்டக்கூடியது அல்ல என்பதை மட்டும் மறக்காதே. சம்மதம் கேட்கும்போது படம் எங்கே போகும், யார் பார்ப்பார்கள், வேண்டாமென்றால் சிகிச்சையில் எதுவும் குறையாது என்று தமிழில், உட்கார வைத்து, ஒரு பெண்ணே சொல்ல வேண்டும். படத்தின் மூலையில் பதிந்த பெயரையும் ஆஸ்பத்திரி எண்ணையும் அழிப்பது போதாது. ஊர், வயது, வேலை செய்யும் ஆலை மூன்றும் சேர்ந்தால் சிவகாசியில் யாரென்று தெரு முழுக்கச் சொல்லிவிடும். மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவுக்கு ஐசிஎம்ஆர் 2023இல் வெளியிட்ட நெறிமுறைகளை உன் வழிகாட்டிப் பேராசிரியரோடு உட்கார்ந்து படி.

இப்போது செய்ய வேண்டியது: ஜோடிப் படங்களை ஒரே பக்கம் வைத்து மறுபடி பிரித்து ஓட்டு. சதவீதம் விழும், விழட்டும். புற்றிருந்தும் தப்பவிட்ட படங்களின் எண்களையும், ஒவ்வொன்றும் எந்த அடர்த்தி என்பதையும் எழுதி அனுப்பு. ஒவ்வொன்றாகச் சேர்ந்து பார்ப்போம். மதினியிடமும் சொல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனைக்குக் காசு கிடையாது, சீசன் வேலை நெருக்கும் முன் ஒருமுறை போய்விட்டு வரட்டும்.

உன் அத்தை