பாடகர் குழுவில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,



உன் கடிதம் கிடைத்தது. டிசம்பர் வந்தாலே பாட்டு ஒத்திகை, குடில் வேலை, அன்பிய வீடுகளுக்குக் கேரல், நடுவில் கல்லூரித் தேர்வு என்று நாள் போய்விடுகிறது, செபிக்க நேரமே இல்லை, விழா முடிந்ததும் மனம் வெறுமையாகிவிடுகிறது என்று எழுதியிருந்தாய். உன் வயதில் இப்படிக் கேட்கத் தோன்றியதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் புதிதாகச் சொல்ல வேண்டிய செபங்கள் என்று எதையும் நான் எழுதி அனுப்பப் போவதில்லை. பங்கு ஏற்கெனவே உன் கையில் கொடுத்திருப்பதை எடுத்துப் பயன்படுத்தினால் போதும். நேரக்குறைவைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. காத்திருக்க வேண்டிய நாள்களில் நாம் கொண்டாடத் தொடங்கிவிடுகிறோம். கொண்டாட வேண்டிய நாள்கள் வரும்போது களைத்துப்போய் வீட்டில் படுத்துவிடுகிறோம்.

திருவருகைக்காலம் புனித அந்திரேயா திருநாளான நவம்பர் 30-ஐ ஒட்டிய ஞாயிறன்று தொடங்குகிறது. அன்றே வழிபாட்டு ஆண்டும் புதிதாகப் பிறக்கிறது. எந்த ஆண்டும் இந்தக் காலம் 22 நாள்களுக்குக் குறைவதில்லை, 28-ஐத் தாண்டுவதும் இல்லை. முதல் ஞாயிறு நற்செய்தியை இம்முறை கவனித்துக் கேள். அதில் தொழுவமும் இல்லை, இடையர்களும் இல்லை. வளர்ந்த இயேசு தம் சீடர்களிடம் விழித்திருக்கச் சொல்கிறார். இறுதி நாளில் தாம் மீண்டும் வருவதைப் பற்றிப் பேசுகிறார். அடுத்த இரண்டு ஞாயிறுகளும் திருமுழுக்கு யோவானுடையவை. டிசம்பர் 17-ஆம் நாள்தான் திருச்சபை நேராகப் பெத்லகேம் பக்கம் திரும்புகிறது.

பாடுகிறவள் என்பதால் இன்னொன்றும் உனக்குத் தெரிந்திருக்கும். இந்த ஞாயிறுகளில் வானவர் கீதம் பாடுவதில்லை. ஆனால் அல்லேலூயா உண்டு. தவக்காலத்தில் அதையும் நிறுத்திவிடுகிறோம். ஆகவே இது துக்கத்தின் காலம் அல்ல. வானவர்கள் இடையர்களுக்கு முன்னால் பாடிய பாட்டை அந்த இரவுக்கென்று எடுத்துவைத்திருக்கிறோம், அவ்வளவுதான். அதனால்தான் முதல் ஞாயிறன்றே திருப்பலியில் பிறப்புப் பாடல்களைப் பாடத் தொடங்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. ஒத்திகையில் நன்றாகப் பாடுங்கள். கேரலுக்குப் போகும் வீடுகளிலும் பாடுங்கள், அங்கே வயதானவர்கள் காத்துக்கொண்டிருப்பார்கள். திருப்பலிக்குள் மட்டும் 24 இரவு வரை பொறுத்திருங்கள். உங்கள் பாடகர் குழுத் தலைவரிடம் இதைப் பணிவாகச் சொல்லிப் பார்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். மனப்பாடமாகச் சொல்லும் செபத்தில் மனம் ஒட்டுவதில்லை என்று எழுதியிருந்தாய். டிசம்பர் 3 புனித சவேரியார் திருநாள். அவர் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது கடற்கரை மக்களில் பலர் திருமுழுக்குப் பெற்றிருந்தும் செபம் அறியாதவர்களாக இருந்தார்கள். இரண்டு மொழியும் தெரிந்தவர்களைக் கூட்டி வைத்து, சிலுவை அடையாளமும் நம்பிக்கை அறிக்கையும் கர்த்தர் கற்பித்த செபமும் அருள் நிறைந்த மந்திரமும் தமிழில் வரச்செய்தார். அவற்றைத் தாமே மனப்பாடம் செய்து, கையில் மணியடித்தபடி தெருத்தெருவாய்ப் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது ஏற்பாடு. நம்பிக்கை அறிக்கையை ஒரேயடியாகச் சொல்லவிட மாட்டார். ஒரு கூற்றைச் சொல்லி நிறுத்துவார், இதை நம்புகிறீர்களா என்று கேட்பார், மக்கள் கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்து ஆம் என்பார்கள். பிறகுதான் அடுத்த கூற்று. அவர் வழியில் வந்த அண்ட்ரிக்கே அடிகளார் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கமுள்ள சிறு நூல். இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சேறிய அந்த முதல் நூலும் செபத்தையும் மறைக்கல்வியையும் சொல்லித்தரும் நூல்தான். உன் பாட்டி வாய் ஓயாமல் சொல்லும் செபங்களுக்குப் பின்னால் இத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது. நீயும் சவேரியாரைப்போல் நிறுத்தி நிறுத்திச் சொல்லிப் பார். ஒரு நாளைக்கு ஒரு கர்த்தர் கற்பித்த செபம் இப்படிச் சொன்னாலும் போதும்.

அதே சவேரியார் 1552-இல் சீனக் கரைக்கு எதிரே ஒரு தீவில், தம்மை அக்கரை சேர்ப்பதாகச் சொன்ன வணிகனின் படகுக்காகக் காத்திருந்தபோதே காய்ச்சலில் இறந்தார். படகு வரவே இல்லை. திருவருகைக்காலத்தின் தொடக்கத்தில் அவருடைய திருநாள் வருவதை நான் தற்செயலாக எண்ணுவதில்லை.

அடுத்து மூவேளைச் செபம். காலை, நண்பகல், மாலை என்று கோயில் மணி அடிக்கும்போது சொல்வது. இரண்டு நிமிடம்கூட ஆகாது. வானதூதர் வந்தது, மரியா இசைந்தது, வார்த்தை மனிதரானது என்று மூன்றே படிகளில் இந்தக் காலம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. நான்காம் ஞாயிறு திருப்பலியின் தொடக்க மன்றாட்டைக் கூர்ந்து கேட்டால் திடுக்கிடுவாய், ஏனெனில் மூவேளைச் செபத்தின் முடிவில் நாம் சொல்லும் அதே மன்றாட்டுத்தான் அது. பிறப்புச் செய்தியை அறிந்த நாங்கள் பாடுகளின் வழியாகவும் சிலுவையின் வழியாகவும் உயிர்ப்புக்கு வந்துசேர வேண்டும் என்று அதில் கேட்கிறோம். பிறப்பதற்கு முன்பே சிலுவையைப் பேசுகிற செபம் அது. கல்லூரியில் நண்பகல் மணி கேட்காதே என்பாய். செல்பேசியில் ஒலி வைத்துக்கொள். வகுப்பறை வாசலில் நின்றே சொல்லலாம்.

காத்திருப்பது இன்பமாகவே இருக்கும் என்று நான் சொல்லவில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலில் வீசியது உனக்கு நினைவிருக்கும், நீ அப்போது சிறுமி. அந்த ஆண்டு திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு டிசம்பர் 3. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக் கரைகளில் பெண்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த நாள்கள் அவை. ஆழ்கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை. பலருடைய உடலும் கிடைக்கவில்லை. இன்னும் எவ்வளவு காலம் ஆண்டவரே என்று முறையிடும் திருப்பாடல்கள் நம் திருவிவிலியத்தில் எத்தனையோ உண்டு. 13-ஆம் திருப்பாடலையும் 80-ஆம் திருப்பாடலையும் எடுத்து வாசி. அவற்றில் மக்கள் கடவுளிடம் கோபமாகவே பேசுகிறார்கள். அதுவும் செபம்தான். உன் அன்பியத்தில் இந்த ஆண்டு யாரையாவது இழந்த வீடு இருந்தால், கேரலுக்குப் போகும்போது அங்கே மத்தளத்தை நிறுத்திவிட்டு ஒரு திருப்பாடலை மெதுவாக வாசியுங்கள். அதை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

டிசம்பர் 17 முதல் 24 வரையிலான எட்டு நாள்கள்தான் இந்த மாதத்தின் நெஞ்சு. இந்த நாள்களின் நற்செய்தியை மட்டும் தவறவிடாதே. முடிந்தால் காலைத் திருப்பலிக்குப் போ. முடியாவிட்டால் ஒத்திகைக்குப் புறப்படும் முன் வாசித்துவிடு. 17 அன்று மத்தேயு தரும் தலைமுறைப் பட்டியல். பெயர்களாகவே போகிறது என்று எல்லாரும் சலித்துக்கொள்ளும் பகுதி. நீ அதில் பெண்களைத் தேடு. தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி, கடைசியில் மரியா. முதல் நால்வரின் கதைகளையும் பழைய ஏற்பாட்டில் படித்தால், ஊர் விரல் நீட்டிப் பேசக்கூடிய வாழ்வுகள் வழியாகவும் ஆண்டவர் வந்திருக்கிறார் என்பது விளங்கும். உன் குடும்பத்தில் யாரும் பேச விரும்பாத ஒருவரின் பெயரை அன்று செபத்தில் சேர்த்துக்கொள். 18 அன்று சூசையப்பரின் கனவு. நற்செய்தி நூல்களில் அவர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. விழித்தெழுந்தார், சொன்னபடி செய்தார், அவ்வளவே.

19 அன்று செக்கரியா. பாடகியான உனக்கு இவரைத்தான் தருவேன். கோயிலில் தூபம் காட்டுகிற குரு அவர். செபம்தான் அவர் பணி. வாழ்நாள் முழுவதும் எதைக் கேட்டு மன்றாடினாரோ அது கிடைக்கப்போகிறது என்று வானதூதர் சொன்னபோது அவரால் நம்ப முடியவில்லை. பேச்சு நின்றுபோனது. வெளியே காத்திருந்த மக்களிடம் சைகைதான் காட்ட முடிந்தது. எலிசபெத்து கருவுற்றிருந்த மாதங்கள் முழுவதும் அந்த வீட்டில் அவர் பேசாமல் இருந்தார். தண்டனை என்றே பலரும் விளக்குவார்கள். எனக்கு அது அவருக்குக் கிடைத்த திருவருகைக்காலமாகவும் தெரிகிறது. வாய் அடைத்த நாள்களில் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மரியா அந்த வீட்டுக்கு வந்து பாடியதையும் அந்த மௌனத்துக்குள்தான் கேட்டிருப்பார். 23 அன்று பிள்ளை பிறந்து, பலகையில் பெயர் எழுதியதும் அவர் நாவு கட்டவிழ்கிறது. 24 காலையில் நாம் வாசிப்பது அவர் பாடிய பாட்டை. திருச்சபை அதை நாள்தோறும் காலைப் புகழ்ச்சியில் பாடுகிறது. மரியாவின் பாட்டை மாலையில் பாடுகிறது. ஒத்திகைக்கு எல்லாரும் வந்துசேருவதற்குள் பத்து நிமிடம் முன்னதாகப் போய், யாரோடும் பேசாமல் கோயிலில் உட்கார்ந்திரு. செபிக்க எதுவும் தோன்றாவிட்டாலும் எழுந்துவிடாதே. பேசாமல் இருப்பவர்களுக்குத்தான் பாட்டு உள்ளிருந்து வருகிறது என்று நான் நம்புகிறேன்.

20-க்கு கபிரியேல் நாசரேத்துக்கு வருவது, 21-க்கு மரியா மலைநாட்டுக்கு விரைவது, 22-க்கு மரியாவின் பாடல். இவை உனக்கு நன்றாகத் தெரிந்தவை. அந்த மரியா ஒரு கர்ப்பிணிக்கு வேலை செய்யப் போனார் என்பதை மட்டும் விட்டுவிடாதே.

குடிலைப் பற்றி ஒரு வார்த்தை. 1223-இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் ஏற்பாடு செய்தபோது சுரூபங்களே இல்லை. தீவனத் தொட்டி, வைக்கோல், ஓர் எருது, ஒரு கழுதை. தொட்டியின்மேல் திருப்பலி நடந்தது. திருத்தொண்டரான பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடினார். எருதும் கழுதையும் லூக்காவில் இல்லை. தன் எசமானனின் தீவனத் தொட்டியை மாடும் கழுதையும் அறிந்திருக்க, என் மக்கள் அறியவில்லையே என்று எசாயா முதல் அதிகாரத்தில் ஆண்டவர் வருந்துகிற இடத்திலிருந்து அவை குடிலுக்குள் வந்தன. குடில் போட்டி, நீர்வீழ்ச்சி மோட்டார், வண்ண விளக்கு எல்லாம் இளைஞர்களின் உற்சாகம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கேழ்வரகு விதைத்துத் தினமும் தண்ணீர் தெளித்து முளைக்கவைக்கிற அந்தத் தட்டை நீயே பொறுப்பேற்றுக்கொள். தண்ணீர் விடும்போது ஓர் அருள் நிறைந்த மந்திரம் சொல். குழந்தையின் சுரூபத்தை மட்டும் 24 இரவு வரை வைக்காதீர்கள்.

வின்சென்ட் தே பவுல் சபையார் அரிசியும் துணியும் சேர்ப்பார்கள். உன் புது உடைக்கான பணத்தில் ஒரு பங்கை அவர்களிடம் கொடு. பாவசங்கீர்த்தனத்தை 24 மாலை வரை தள்ளிப்போடாதே. அன்று சாமியாருக்கும் நேரம் இருக்காது, உனக்கும் இருக்காது.

அந்த இரவில் நீ பாட்டுப் புத்தகத்தையும் ஆர்மோனியத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பாய். ஓர் இடத்தில் மட்டும் எல்லாவற்றையும் கீழே வை. நம்பிக்கை அறிக்கையில் அவர் மனிதரானார் என்று சொல்லும்போது மற்ற ஞாயிறுகளில் தலை வணங்குகிறோம். கிறிஸ்து பிறப்பு விழாவிலும் மார்ச் 25 அறிவிப்புப் பெருவிழாவிலும் மட்டும் முழங்காலிடுகிறோம். முழங்காலிட்ட அந்தச் சில நொடிகளில் வேறெதுவும் நினைக்காதே. நற்கருணைக்குப் பின் ஒரு பாட்டைக் குறைத்து அமைதிக்கு இடம்விடச் சொல்லித் தலைவரிடம் கேள்.

25-க்கு நான்கு திருப்பலிகள் உண்டு: முந்தின மாலை, இரவு, விடியல், பகல். பகல் திருப்பலியில் யோவான் நற்செய்தியின் முதல் பகுதி. இரவு பாடிக் களைத்தவர்கள் அதைத் தவறவிடுவார்கள். நீ போய்க் கேள்.

பிறகு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடாதே, விழா அப்போதுதான் தொடங்குகிறது. 26 அன்று முதல் மறைசாட்சி ஸ்தேவான், பீடத்தில் சிவப்பு உடை. 27 யோவான். 28 ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகள். இடையில் திருக்குடும்ப விழா. சனவரி 1 இறைவனின் தாய் மரியா, 1968 முதல் உலக அமைதி நாளும் அதுவே. அடுத்து திருக்காட்சி, ஆண்டவரின் திருமுழுக்கு. அதுவரை கிறிஸ்து பிறப்புக் காலம்தான், வானவர் கீதமும் பிறப்புப் பாடல்களும் அதுவரை உங்களுடையவை. 26 காலைத் திருப்பலியில் பாட ஆள் இருக்காது. நீயும் உன் தோழிகள் இருவரும் போங்கள், மூன்று பேர் போதும். என்ன பாடினீர்கள் என்று எனக்கு எழுது.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் அன்பைச் சொல்.

உன் ஞானத்தாய்