சங்கத் தொலைபேசிக்கு ஒரு தானியங்கி வரவேற்பாளர்

சங்கத்தின் தொலைபேசி மணி அடிக்கும் வேளையில் எழுத்தர் நூல் சிட்டங்களை எண்ணிக்கொண்டிருப்பார். இல்லையேல் ஏலக் களத்தில் நிற்பார். எடுப்பாரின்றி மணி ஓயுமானால் இழப்பு அங்கத்தினருக்கே. ஏலம் உண்டா இல்லையா என்று அறியாமல் மஞ்சள் மூட்டைகளைத் திருச்செங்கோட்டுக்கு ஏற்றி வருபவர், வண்டி வாடகையை இருமுறை கொடுக்க நேரிடும். நூல் வந்ததா என்று கேட்கவே நேரில் புறப்பட்டு வரும் இளம்பிள்ளை நெசவாளருக்கு அரை நாள் தறி நின்றுவிடும். இக்குறையைப் பெரிதும் தீர்க்கவல்ல தானியங்கி வரவேற்பாளரை அமைத்துக்கொள்வது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

தொலைபேசியின் பொத்தான் ஒவ்வொன்றும் அழுத்தப்படும்போது இரண்டு ஒலிகள் ஒருங்கே எழுகின்றன. அமெரிக்காவின் பெல் நிறுவனத்தார் 1963-இல் மக்களுக்கு வழங்கிய முறை இது. அவ்விரு ஒலிகளைக் கொண்டு எந்த எண் அழுத்தப்பட்டதென இயந்திரம் அறிந்து, அழைப்பை உரிய மேசைக்கு அனுப்புகிறது. அல்லது பதிவு செய்த செய்தியை ஒலிக்கச் செய்கிறது. விலையுயர்ந்த கைப்பேசி வேண்டுவதில்லை. பொத்தான் வைத்த சாதாரணக் கைப்பேசியே போதும். எண்ணை அழுத்துவதற்குப் பதிலாகச் சொல்லைப் பேசும் முறையும் உண்டு. ஆயினும் குஜராத் விவசாயிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2009-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, எண் அழுத்துவதே அவர்களுக்குக் கைவந்ததெனக் காட்டிற்று.

கருவி வாங்குமுன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குக. வரும் அழைப்பு ஒவ்வொன்றும் எதற்காக என்று இரண்டு வாரங்களேனும் குறித்து வந்தால், பெரும்பாலானவை மூன்று நான்கு கேள்விகளுக்குள் அடங்கிவிடுவதைக் காண்போம்: ஏல நாள், நூல் இருப்பு, கூலிப் பட்டுவாடா, கடன். அதிகமாகக் கேட்கப்படுவதே முதலில் வரவேண்டும். தலைவரின் வாழ்த்துரை அங்கு வேண்டா.

சொல்லும் முறையிலும் கவனம் தேவை. “ஏல நாளை அறிய 1-ஐ அழுத்துங்கள்” என்று பொருளை முன்னும் எண்ணைப் பின்னும் வைக்கவேண்டும். எண்ணை முதலில் கேட்டவர், பொருள் வருவதற்குள் அதை மறந்துபோவார். இவ்வகையில் தமிழின் இயல்பான நடையே நமக்குத் துணை. ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த பதிவுகளோ பல இடங்களில் காதுக்குக் கரடாக இருக்கின்றன. அங்கத்தினர்க்குப் பழகிய எழுத்தர் ஒருவரின் குரலிலேயே, ஓசையற்ற அறையில் பதிவு செய்வது நன்று.

கிளைத் தொலைபேசிகளை இணைக்கும் ஈபிஏபிஎக்ஸ் கருவி ஏற்கெனவே உள்ள அலுவலகங்களில், இவ்வசதி அதிலேயே அமைந்திருக்கக்கூடும். முதலில் விசாரித்தல் நலம். மின்சாரம் நின்றால் இயந்திரமும் ஊமையாகும். ஆதலின் மின்கலத் துணை அவசியம். இன்னொன்றும் உண்டு. தொடர்பு ஒன்றே இருக்குமாயின், இயந்திரம் ஒருவரிடம் இரண்டு நிமிடம் பேசும்போது ஏனையோர்க்கு ‘வேலையாக உள்ளது’ என்னும் ஒலியே கிட்டும். பதிவு சுருக்கமாக இருக்கவேண்டுவது இதனால்தான்.

நாம் மிகவும் அஞ்சவேண்டியது பழைய செய்தியையே. சென்ற வார விலையை இவ்வார விலையென நம்பி ஒருவர் சரக்கை விற்றுவிட்டால், மணி எடுக்கப்படாததைவிட அது பெருந்தீங்கு. விலையையோ ஏல நாளையோ ஒலிபரப்ப முடிவு செய்யுமுன், நாள்தோறும் அதை மாற்றுபவர் யார், அவர் விடுப்பில் இருந்தால் யார் என்று நிர்வாகக் குழு பெயர் குறித்துத் தீர்மானிக்கவேண்டும். செய்தியின் தொடக்கத்திலேயே தேதியும் ஒலிக்கட்டும். அவ்வாறு இயலாத சங்கம் விலையைப் பதிவு செய்யாமல், அழைப்பை ஆளிடம் அனுப்புவதே தக்கது.

எந்நிலையிலும் மனிதரை அடைய வழி இருத்தல் வேண்டும். இந்திய அரசு 2004 ஜனவரி 21-இல் தொடங்கிய கிசான் கால் சென்டரை 1800-180-1551 என்னும் எண்ணில் அழைக்கும் உழவர்க்கு, விடை கூறுபவர் வேளாண்மை பயின்ற ஒருவரே. நம் அமைப்பிலும் 9-ஐ அழுத்தினாலும், எதையும் அழுத்தாமல் சும்மா இருந்தாலும், அழைப்பு எழுத்தரிடம் செல்லுமாறு செய்தல் வேண்டும். அலுவலகம் மூடிய பின்னர் வேறொரு பதிவு ஒலித்து, மறுநாள் திறக்கும் நேரத்தைக் கூறலாம்.

எண்ணை அறிவிக்குமுன், வயதில் மூத்த அங்கத்தினர் ஐவரைத் தத்தம் வீட்டிலிருந்து அழைக்கச் சொல்லுங்கள். அவர்கள் எந்தச் சொல்லில் தயங்குகிறார்கள், எவ்விடத்தில் இணைப்பைத் துண்டிக்கிறார்கள் என்று குறித்து, அப்பகுதியை மீண்டும் பதிவு செய்யவேண்டும்.