தண்ணீரைச் சோதித்துச் சொல்லும் உயிர்ப் பொருட்கள்

சுகாதாரப் பாடம்

"பீலித் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, இதையும் காய்ச்சணுமா?" என்று கேட்பவர்கள் நமது லயங்களில் இன்னும் இருக்கிறார்கள். கண்ணாடி போன்ற தண்ணீரிலும் நெருப்புக் காய்ச்சல் கிருமி இருக்கலாம். மேல் மலையில் மருந்து டேங்கைக் கழுவி ஊற்றிய நஞ்சும் இருக்கலாம். இவை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இவற்றைக் காட்டித்தரும் சில பொருட்கள் இயற்கையிலேயே உண்டு. அவை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை அறிந்துகொள்வோம்.

1. தேயிலைச் சாயம்

நாம் பறிக்கும் கொழுந்தில் தனின் வகையைச் சேர்ந்த துவர்ப்புப் பொருட்கள் உள்ளன. தண்ணீரில் இரும்பு கூடுதலாக இருந்தால் அதனுடன் இவை சேர்ந்து கறுத்துவிடும். முற்காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை செய்ததும் இதே முறையில்தான். ஒரே தூளைப் போட்டும் ஒரு பீலித் தண்ணியில் மட்டும் சாயம் மை போலக் கறுத்தால், அதில் இரும்பு இருக்கிறதா, குழாய் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் சாயம் நல்ல நிறமாக இருப்பதால் தண்ணீரில் கிருமி இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

2. கல்லுக்கடியில் இருக்கும் பூச்சிகள்

ஓடையில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். பின்னால் இரண்டு மூன்று மெல்லிய வால்களுடன் தட்டையான சிறு பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். மணலையும் இலைத்துண்டையும் ஒட்டிக் கூடு கட்டிய புழுக்களும் இருக்கும். இவற்றுக்கு ஒட்சிசன் நிறைந்த ஓட்டத் தண்ணீர் வேண்டும். மலசலகூடக் கழிவு கலந்து ஒட்சிசன் குறைந்தால் இவை மறைந்துவிடும். சேற்றில் வாழும் சிவப்புப் புழுக்கள் பெருகும். ஜேர்மனியில் கொல்க்விட்ஸ், மார்சன் என்ற இருவர் 1908, 1909ஆம் ஆண்டுகளிலேயே இப்படி உயிர்களைக் கொண்டு ஆற்றின் அழுக்கைத் தரம் பிரித்தார்கள்.

கான் வந்து சேரும் இடத்துக்கு மேலே ஒரு கல், கீழே ஒரு கல் புரட்டி ஒப்பிட்டாலே வித்தியாசம் விளங்கும். மீன், நண்டு, பூச்சி எல்லாம் ஒரே நாளில் செத்து மிதந்தால் நஞ்சு கலந்திருக்கலாம். அந்தத் தண்ணியைத் தொடவே வேண்டாம்.

போலந்தின் வார்சா நகரிலோ சிப்பிகளே காவல் காக்கின்றன. குடிநீர் செல்லும் தொட்டியில் எட்டுச் சிப்பிகளின் ஓடுகளில் சிறு கருவி பொருத்தியுள்ளார்கள். தண்ணீர் கெட்டுப் போனால் அவை ஓடுகளை மூடிக்கொள்ளும். உடனே எச்சரிக்கை கிடைக்கும்.

3. கறுக்கும் கடதாசி

மலக் கழிவு கலந்த தண்ணீரில் ஐதரசன் சல்பைட் வாயுவை உண்டாக்கும் பற்றீரியாக்கள் பெரும்பாலும் இருக்கும். இதைக் கொண்டு மஞ்சா, மௌரியா, ராவ் என்ற மூன்று இந்திய விஞ்ஞானிகள் 1982இல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார்கள். மருந்து ஊறிய கடதாசி உள்ள சுத்தமான போத்தலில் தண்ணீரை நிரப்பி, இளஞ்சூட்டில் வைக்க வேண்டும். கிருமி பெருகினால் கடதாசி கறுக்கும். நமது மலைநாட்டுக் குளிரில் கிருமி மெதுவாகவே பெருகும். ஆகவே குளிரில் வைத்த போத்தல் கறுக்கவில்லை என்று ஏமாந்துவிடக் கூடாது. இது மருந்து நஞ்சையும் காட்டாது.

4. நொதியம்: நமது நரம்புக்குப் பதிலாள்

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிறு பட்டையில் உயிர்களிலிருந்து பெற்ற ஒரு நொதியம் இருக்கிறது. நொதியத்தை வைத்து இரத்தத்தின் சீனியை அளக்கலாம் என்று 1962இல் காட்டியவர் அமெரிக்கரான லீலண்ட் கிளார்க்.

அதே வழியில் பூச்சிமருந்தையும் கண்டுபிடிக்கலாம். நமது நரம்பு ஒழுங்காக வேலை செய்ய அசற்றைல்கோலின் எஸ்தரேஸ் என்ற நொதியம் வேண்டும். ஓகனோபொஸ்பேற் வகைப் பூச்சிமருந்துகள் அதைத்தான் முடக்குகின்றன. மருந்தடித்தவருக்கு வியர்த்துக் கொட்டுவதும், எச்சில் ஊறுவதும், தசை துடிப்பதும் அதனால்தான். மின்விலாங்கு மீன் போன்றவற்றிலிருந்து எடுத்த இந்த நொதியத்தைப் பட்டையில் பூசி, சோதிக்க வேண்டிய தண்ணியில் நனைப்பார்கள். நொதியம் வேலை செய்தால் நிறம் தோன்றும். நஞ்சு இருந்தால் நொதியம் முடங்கி, நிறம் வராது. நம் நரம்புக்கு வரவேண்டிய ஆபத்தைப் பட்டை முன்கூட்டியே காட்டிவிடுகிறது. ஆனால் கிளைபொசேற் போன்ற களைநாசினிகளை இந்தப் பட்டை காட்டாது.

நாம் செய்ய வேண்டியவை

ஒவ்வொரு சோதனையும் ஒரு கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். "சோதிச்சாச்சு, இனிப் பயமில்லை" என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே:

• குடிக்கும் தண்ணியைக் கொப்பளிக்கக் கொதிக்கவைத்து, மூடி ஆறவிடுங்கள். கிருமி சாகும்.

• கொதிக்கவைத்தால் மருந்து நஞ்சு போகும் என்று நம்ப வேண்டாம். நஞ்சை வராமல் தடுப்பதே வழி. டேங்கையும் வாளியையும் பீலிக்கு மேலேயுள்ள ஓடையில் கழுவ விடாதீர்கள்.

• சாயம் கறுத்தாலும், பூச்சிகள் மறைந்தாலும், மீன் செத்தாலும் நாளையும் இடத்தையும் குறித்துக்கொண்டு, தோட்ட வைத்திய உதவியாளரிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ சொல்லுங்கள். தண்ணீரைச் சோதிக்கும்படி கேளுங்கள். அப்படிக் கேட்பது நமது உரிமை.

யோசித்துப் பாருங்கள்

1. உங்கள் பீலிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வழியில் என்னென்ன கலக்கலாம்?

2. கடதாசி கறுக்காத தண்ணியையும் ஏன் காய்ச்ச வேண்டும்?

3. பட்டையில் நிறம் வராவிட்டால் அந்தத் தண்ணீர் நல்லதா, கெட்டதா?