ராஜாக்களை உருவாக்கிய பிரபு

மெஷின் டிராயிங்கும் வொர்க்‌ஷாப் ரெக்கார்டுமாக நாள் ஓடிக்கொண்டிருக்கும்போது, ‘ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்து ராஜா கதை நமக்கு எதுக்குப்பா?’ என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்! ஆனால் ஓர் இயந்திரம் ஒழுங்காக ஓடும்வரை அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பழுதாகி நின்றால்தான் மூடியைக் கழற்றுகிறோம். ஆட்சி என்ற இயந்திரமும் அப்படியே. 1455 முதல் 1485 வரை முப்பது ஆண்டுகள் இங்கிலாந்தில் அது பழுதாகிக் கிடந்தது. மூடியைக் கழற்றிப் பார்ப்போமா?

இந்தச் சண்டைகளுக்கு ‘ரோஜாப் போர்கள்’ என்று பெயர். லங்காஸ்டர் குடும்பத்துக்குச் சிவப்பு ரோஜா, யார்க் குடும்பத்துக்கு வெள்ளை ரோஜா. பெயர் என்னவோ சினிமா டைட்டில் மாதிரி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சண்டை போட்டவர்கள் யாரும் அதை அப்படி அழைக்கவில்லை. வால்டர் ஸ்காட் என்ற நாவலாசிரியர் 1829-ல் எழுதிய ஒரு கதைக்குப் பிறகுதான் இந்தப் பெயர் ஊரெங்கும் பரவியது. எனவே ரோஜாவை ஒதுக்கி வைத்துவிட்டு ஆட்களைக் கவனிப்போம்.

பங்காளிச் சண்டை

மூலகாரணம் பங்காளிச் சண்டைதான். 1377-ல் இறந்த மூன்றாம் எட்வர்டுக்குப் பிள்ளைகள் அதிகம். அவர்களில் ஒருவருடைய வழிதான் லங்காஸ்டர். இன்னொருவருடைய வழி யார்க். 1399-ல் லங்காஸ்டர் கிளை, அப்போதைய மன்னரை இறக்கிவிட்டு அரியணையில் ஏறிக்கொண்டது. தந்தையும் மகனும் திறமைசாலிகளாக இருந்ததால் யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாவதாக வந்தவர் ஆறாம் ஹென்றி. 1422-ல் அவர் மன்னரானபோது வயது ஒன்பது மாதம்!

வளர்ந்த பிறகும் அவர் சாதுவாகவே இருந்தார். 1453-ல் இரண்டு இடி சேர்ந்து விழுந்தது. பிரான்சில் கலே என்ற துறைமுகம் தவிர மற்றதெல்லாம் கைவிட்டுப் போயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் மன்னருக்குச் சித்தம் கலங்கியது. ஏறத்தாழ ஒன்றரை வருஷம் யாரிடமும் பேசவில்லை. பிறந்த குழந்தையைக் கொண்டுவந்து காட்டியபோதும் அடையாளம் தெரியவில்லை. நாட்டைக் கவனிக்க யார்க் கோமகன் ரிச்சர்டைப் பாதுகாவலராக நியமித்தார்கள். மன்னர் தெளிந்து எழுந்ததும் அவரை வெளியே அனுப்பினார்கள். ஆட்சி ருசி கண்டவர் சும்மா இருப்பாரா? அந்தப் பக்கம் ராணி மார்கரெட், தன் பிள்ளையின் பட்டத்தை விட்டுக் கொடுப்பாரா?

பட்டாளம் இல்லாத மன்னர்

இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். பங்காளிச் சண்டை எந்த நாட்டில் இல்லை? இங்கிலாந்தில் மட்டும் அது ஏன் முப்பது வருஷம் இழுத்தது?

மன்னரிடம் நிரந்தரப் படை கிடையாது என்பதே காரணம். சில மெய்க்காவலர்கள், கலே கோட்டைப் படை, அவ்வளவுதான். போர் வந்தால் மன்னர் பிரபுக்களுக்கு ஓலை அனுப்புவார். அவர்கள் தங்கள் ஆட்களோடு வருவார்கள். அந்த ஆட்களைப் பிடித்து வைத்த முறை சுவையானது. ஒரே தோலில் ஒப்பந்தத்தை இரண்டு முறை எழுதி, நடுவே ரம்பப் பல் போல வளைத்து வளைத்து வெட்டுவார்கள். பாதி பிரபுவிடம், பாதி ஆளிடம். நாளைக்குத் தகராறு வந்தால் இரண்டையும் ஒட்டிப் பார்க்க வேண்டும்; பல்லோடு பல் பொருந்தினால் ஒப்பந்தம் அசல். நம்ம ஃபிட்டிங் ஷாப்பில் ஆண் துண்டும் பெண் துண்டும் பொருத்துகிறோமே, அதே கதை!

ஒப்பந்தம் போட்டவருக்கு ஆண்டுப் பணம் உண்டு, பிரபுவின் சீருடை உண்டு, சட்டையில் குத்திக்கொள்ளச் சின்னம் உண்டு. இவற்றையெல்லாம்விடப் பெரிய லாபம், நீதிமன்றத்தில் வழக்கு வந்தால் பிரபு பின்னால் நிற்பார். ஜூரிகள் பயந்து போய்த் தீர்ப்புச் சொல்வார்கள். மன்னர் வலுவாக இருந்தால் இது அடங்கி நடக்கும். மன்னரே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால்? சட்டம் யாரைக் காப்பாற்றும்? சிறிய நிலக்காரன்கூட ஏதாவது ஒரு சின்னத்தின் கீழ் ஒதுங்கித்தான் ஆகவேண்டும்.

நம்ம ஆளு வருகிறார்

அந்த நாட்டில் மிக அதிகமாக ஆள் திரட்டக்கூடியவர்களில் ஒருவர் ரிச்சர்ட் நெவில், வார்விக் பிரபு. 1428-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே நடந்த கல்யாணத்தால், 1449-ல் மனைவி வழியில் வார்விக் சொத்து முழுக்க அவர் கைக்கு வந்தது. கட்டையைப் பிடித்த கரடி அவருடைய சின்னம். கலே கோட்டைத் தலைமையும் அவருக்கே கிடைத்தது. அதாவது நாட்டிலிருந்த ஒரே நிரந்தரப் படை அவர் பையில்!

வடக்கே நெவில் குடும்பத்துக்கும் பெர்சி குடும்பத்துக்கும் ஏற்கெனவே தீராப்பகை. பெர்சி ராணி பக்கம் சாய்ந்தார்கள். நெவில் யார்க் பக்கம் சாய்ந்தார்கள். ஊர்ச் சண்டை இப்படித்தான் நாட்டுச் சண்டை ஆகிறது. 1455 மே 22 அன்று செயின்ட் ஆல்பன்ஸ் ஊர்த் தெருவில் மோதினார்கள். சோமர்செட், பெர்சி குடும்பத்துத் தலைவர், கிளிஃபர்ட் என மூன்று பெரிய தலைகள் விழுந்ததும் சண்டை நின்றுவிட்டது. இதைப் போர் என்பதைவிடத் திட்டமிட்டுத் தீர்த்துக் கட்டியது என்று சொன்னால் மிகையாகாது. செத்தவர்களின் பிள்ளைகள் மறப்பார்களா? 1460 டிசம்பரில் வேக்ஃபீல்டில் யார்க் கோமகன் கொல்லப்பட்டார். அவர் தலையில் காகிதக் கிரீடம் வைத்து யார்க் நகர வாசலில் மாட்டினார்கள். வார்விக்கின் தந்தையின் தலையும் பக்கத்திலேயே தொங்கியது.

பழி வாங்க யார்க்கின் மகன் எட்வர்ட் எழுந்தார். பதினெட்டு வயசு, ஆறடிக்கு மேல் உயரம். 1461 மார்ச்சில் லண்டனில் அவரை நான்காம் எட்வர்டாக அறிவிக்க முன்னின்றவர் வார்விக். அதே மாதம் 29-ம் தேதி, கொட்டும் பனியில் டவுட்டன் போர். காற்று யார்க் பக்கத்துக்குச் சாதகம். அவர்கள் அம்பு போய்ச் சேர்ந்தது, எதிரி அம்பு பாதியிலேயே விழுந்தது. இருபத்தெட்டாயிரம் பேர் செத்ததாக அக்காலத்தவர் எழுதினார்கள். இன்றைய ஆய்வாளர்கள் பலர் அந்தக் கணக்கை நம்புவதில்லை. எப்படியானாலும் இங்கிலாந்து மண்ணில் நடந்த கொடூரமான சண்டைகளில் அது ஒன்று.

ஒரு ரகசியக் கல்யாணம்

மூன்று வருஷம் வார்விக் காட்டில் மழை. மன்னருக்குப் பிரெஞ்சு அரச குடும்பத்தில் பெண் பேசிக்கொண்டிருந்தார். 1464 செப்டம்பரில் எட்வர்ட் சபையில் மெல்ல ஒரு குண்டைப் போட்டார். தமக்குக் கல்யாணம் ஆகிப் பல மாதம் ஆயிற்றாம்! பெண் எலிசபெத் உட்வில், இரண்டு பிள்ளைகள் பெற்ற விதவை. முதல் கணவர் எதிரணியில் சண்டை போட்டுச் செத்தவர். வெளிநாட்டில் சம்பந்தம் பேசிய வார்விக்கின் முகம் என்ன ஆகியிருக்கும்? அதோடு போகவில்லை. புது ராணியின் தம்பி தங்கைகள் ஒவ்வொருவருக்கும் பெரிய இடத்துச் சம்பந்தமாக முடிந்துகொண்டே போனது.

காதல் ஜெயித்தது என்று இதைச் சிலர் எழுதுவார்கள். வார்விக் கொடுத்த கிரீடம் என்ற பேச்சை எட்வர்ட் துடைக்க விரும்பினார், ராணியின் உறவினரைக் கொண்டு தனக்கென ஓர் அணி கட்டினார் என்பதே என் கருத்து.

1469-ல் வார்விக் பகிரங்கமாகத் திரும்பினார். மன்னரின் தம்பி கிளாரன்ஸுக்குத் தன் மகளைக் கட்டிக்கொடுத்தார். எட்வர்டைப் பிடித்தும் வைத்தார். பழைய மன்னர் ஹென்றி ஏற்கெனவே லண்டன் கோட்டைச் சிறையில். ஆக, நாட்டில் இரண்டு மன்னர்கள், இரண்டு பேரும் காவலில்! இனி வார்விக் நினைத்ததுதான் சட்டம் என்று தோன்றும். ஆனால் நடந்தது வேறு. வடக்கே ஒரு கலகம் கிளம்பியது. அடக்க ஆள் கூப்பிட்டார் வார்விக். யாரும் அசையவில்லை! மன்னர் சுதந்திரமாக நின்று கூப்பிட்டால் வருகிறோம் என்பது போல இருந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் எட்வர்டை வெளியே விட வேண்டியதாயிற்று. கரடிச் சின்னம் ஆயிரக்கணக்கில் ஆள் சேர்க்கும். ஆனால் மன்னர் பெயர் என்ற அந்த ஒரு பாகத்தை வார்விக்கால் தானே செய்துகொள்ள முடியவில்லை.

அதனால் மறுபடி ஒரு மன்னரைத் தேடினார். 1470-ல் பிரான்சுக்கு ஓடி, பதினோராம் லூயியின் தரகில், தன் தந்தையைக் கொன்ற கட்சியின் ராணி மார்கரெட்டிடம் மண்டியிட்டார். இன்னொரு மகளை ராணியின் மகனுக்கு நிச்சயம் செய்தார். அக்டோபரில் ஹென்றி மீண்டும் மன்னர். எட்வர்ட் கடல் தாண்டி ஓட்டம்.

ஆறே மாதம். 1471 மார்ச்சில் எட்வர்ட் திரும்பி வந்தார். கிளாரன்ஸ் மாமனாரை விட்டு அண்ணனிடம் தாவினார். ஏப்ரல் 14, ஈஸ்டர் ஞாயிறு காலை, பார்னெட்டில் கண் தெரியாத மூடுபனி. வார்விக்கின் கூட்டாளி ஆக்ஸ்ஃபர்ட் பிரபுவின் ஆட்கள் எதிரியை விரட்டிவிட்டுத் திரும்பி வந்தார்கள். அவர்கள் சின்னம் கதிர் வீசும் நட்சத்திரம். எட்வர்டின் சின்னம் கதிர் வீசும் சூரியன். பனியில் எது எது என்று தெரியாமல் வார்விக் பக்கத்தாரே அவர்கள் மேல் அம்பு விட்டார்கள் என்று அக்கால வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. ‘துரோகம்!’ என்று கூச்சல், அணி சிதறியது. குதிரையைத் தேடி ஓடும்போது வார்விக் கொல்லப்பட்டார். உயிரோடு இருக்கிறார் என்று புரளி கிளம்பாமலிருக்க, உடலை லண்டன் செயின்ட் பால் கோவிலில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். மே மாதத்துக்குள் ராணியின் மகனும் போரில் இறந்தார். ஹென்றியும் சிறையில் மாண்டார்.

சின்னங்களுக்கு வந்த சோதனை

மீதிக் கதை பலருக்கும் தெரிந்ததே. 1483-ல் எட்வர்ட் இறந்ததும் தம்பி மூன்றாம் ரிச்சர்ட் அரியணை ஏறினார். அண்ணன் பிள்ளைகள் இருவரும் கோட்டைக்குள்ளேயே மறைந்து போனார்கள். 1485 ஆகஸ்ட் 22-ல் போஸ்வொர்த் போர். ஸ்டான்லி சகோதரர்கள் தங்கள் ஆட்களுடன் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். ரிச்சர்ட் நேராக ஹென்றி டியூடர் மேல் பாய்ந்தபோதுதான் வில்லியம் ஸ்டான்லி களமிறங்கினார், டியூடர் பக்கமாக! மன்னர் அங்கேயே செத்தார். அவர் எலும்புக்கூடு 2012-ல் லெஸ்டர் நகரில் ஒரு கார் நிறுத்துமிடத்தின் அடியில் கிடைத்தது.

ஏழாம் ஹென்றியான டியூடர், யார்க் வீட்டுப் பெண்ணைக் கட்டிச் சண்டையை முடித்தார் என்று பாடத்தில் வரும். அது பாதிதான். தனக்குக் கிரீடம் வாங்கிக் கொடுத்த அதே வில்லியம் ஸ்டான்லியை 1495-ல் ராஜத்துரோகக் குற்றத்துக்குத் தலை வெட்டினார். 1504-ல் இன்னொரு சட்டம்: மன்னர் அனுமதியின்றிச் சீருடை ஆள் வைத்தால், ஓர் ஆளுக்கு மாதம் 5 பவுன் அபராதம்.

அந்தச் சட்டத்தில் 1507-ல் சிக்கியவர் பெர்கவெனி பிரபு. அவரும் நெவில் குடும்பம்தான். வார்விக்குக்குப் பங்காளி முறை. குற்றப் பட்டியலில் 25 கனவான்கள், 4 பாதிரியார்கள், 440 குடியானவர்கள், ஒரு செருப்புத் தைப்பவர், ஒரு ஈயம் பூசுகிறவர், மொத்தம் 471 பேர். காலம் 30 மாதம். கால்குலேட்டரைத் தட்டிப் பாருங்கள்: 70,650 பவுன்! எந்தப் பிரபுவாலும் கட்ட முடியாத தொகை. கடைசியில் 5,000 பவுனுக்குப் பேசி முடித்து, அதையும் பத்து வருஷத் தவணையில் கட்டச் சொன்னார்கள்.