இயங்குதளம் மாற்றுமுன் செய்யத்தக்கன

மேல்மாடி எழுப்ப எண்ணுவோன் முதற்கண் அஸ்திவாரத்தைச் சோதித்தறிவான். கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பிப்போரும் அம்முறையைக் கைக்கொள்ளுதல் நலம். விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. ஆதலின் விண்டோஸ் 11-க்கு மாற விழைவோர் நம் மாணவருள் பலர். அவருட் சிலர், தம் கணினி தகுதியற்றது என்னும் அறிவிப்பைக் கண்டு மனங்கலங்கி, கடன்பட்டேனும் புதியதொன்று வாங்கத் துணிகின்றனர். குறை கணினியில் இல்லாமல், அதிலுள்ள காவல் உறங்கிக் கிடத்தலும் இதற்குக் காரணமாகலாம்.

கணினியை முடுக்கியவுடன், விண்டோஸிற்கு முன்னரே எழுந்து பணிபுரியும் அடிநிலை நிரலொன்று உண்டு. அது முன்னாளில் பயாஸ் எனப்பட்டது; இந்நாளில் யூ.இ.எப்.ஐ. எனப்படுவது. அதன்கண் இரு காவலர் உளர். முதலாவது செக்யூர் பூட். இயங்குதளத்தை எழுப்பும் நிரல் நம்பத்தக்க கையொப்பம் உடையதா என்று ஆராய்ந்தே அஃது உள்ளே விடும். இயங்குதளத்திற்கு முன்னரே புகுந்துவிட்ட தீநிரலை, பின்னர் எழும் காவல் நிரல்கள் கண்டறிதல் அரிதாகலின், இக்காவல் இன்றியமையாதது. இரண்டாவது டி.பி.எம். இரகசியத் திறவுகோல்களைத் தன்னகத்தே பூட்டிவைக்கும் பேழை போன்றது. விண்டோஸ் 11 வேண்டுவது இதன் 2.0 பதிப்பாகும்.

இனிச் செய்முறை கூறுவாம். முதலாவது, பி.சி. ஹெல்த் செக் என்னும் நிரலால் கணினியைச் சோதிக்க. பிராசஸரே ஏற்கப்பட்ட பட்டியலில் இல்லையெனின், கீழ்வரும் மாற்றங்களால் அக்குறை நீங்காது.

இரண்டாவது, கட்டுரைகள், ஆராய்ச்சிக் குறிப்புகள் முதலியவற்றை வேறொரு வட்டில் படியெடுத்து வைக்க.

மூன்றாவது, பிட்லாக்கர் பூட்டு உளதாயின் அதன் 48 இலக்க மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதிக்கொண்டு, பூட்டைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க. அடிநிலை அமைப்பு மாறியதும் கணினி அக்குறியீட்டைக் கேட்டல் கூடும். அஃதின்றேல் நம் உழைப்பு முழுவதும் நமக்கே பூட்டிய அறையாகிவிடும்.

நான்காவது, சிஸ்டம் இன்பர்மேஷன் பக்கத்தில் பயாஸ் மோட் என்னும் வரியை நோக்குக. அங்கே லெகஸி என்றிருப்பின், உடனே யூ.இ.எப்.ஐ.-க்கு மாற்றலாகாது; மாற்றின் விண்டோஸ் எழாது. வட்டின் எம்.பி.ஆர். அமைப்பை எம்.பி.ஆர்.2ஜி.பி.டி. என்னும் கருவியால் ஜி.பி.டி. ஆக்கிய பின்னரே அது செய்தற்பாலது.

ஐந்தாவது, கணினியை மீண்டும் முடுக்கி, எப்2 அல்லது டெலீட் போன்று அதற்குரிய விசையை அழுத்தி அடிநிலை அமைப்பினுட் புகுக. டி.பி.எம். இன்டெல் கணினிகளில் பி.டி.டி. என்றும், ஏ.எம்.டி. கணினிகளில் எப்.டி.பி.எம். என்றும் பெயர் பூண்டிருக்கும். அதனையும் செக்யூர் பூட்டையும் இயக்கிச் சேமித்து வெளிவருக. டி.பி.எம்.மை அழிக்கும் கட்டளையை மட்டும் தொடற்க; உள்ளிருக்கும் திறவுகோல்கள் அதனோடு அழியும்.

விண்டோஸ் எழுந்தபின், செக்யூர் பூட் ஸ்டேட் என்னும் வரியில் ஆன் என்றிருத்தலையும், டி.பி.எம். பதிப்பு 2.0 என்றிருத்தலையும் கண்டு, அதன்பின் புதுப்பித்தலைத் தொடங்குக.

இவையனைத்தும் பொறுமையுடையார்க்கு எளியனவே. ஆயினும் தேர்வுக்கு முந்தைய இரவில் இவற்றைத் தொடங்குதல் தகாது. ஓய்வுநாளொன்றில், படியெடுத்த வட்டும் எழுதிய குறியீடும் கைவசம் இருக்கச் செய்வோமாயின், புதிய கணினிக்கென ஒதுக்கிய பொருள் நூல் வாங்கவேனும் நமக்கு உதவும்.