சிலம்பின் வழக்கும் பெண்டிர் காப்பும்

தமிழ் பயில்வார் எவர்க்கும் சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை நினைக்குந்தோறும் உள்ளம் பொங்குதல் இயல்பே. வகுப்பில் அதனைப் பயின்றஞான்று யாமும் கண்ணகியின் சொல்லாற்றலை வியந்தோமேயன்றி, அவ்வழக்கு எவ்விடத்துப் பிழைபட்டது என்பதை ஆராய்ந்தோமல்லேம். சென்ற ஆண்டு எமக்கு அணித்தாக நிகழ்ந்த ஒரு சிறு செய்தியே எம்மை இவ்வாராய்ச்சியிற் புகுத்தியது. அதனை முதற்கண் கூறிப் பின்னர்ச் சட்டத்தின்பாற் செல்வாம்.

எம் சபையைச் சார்ந்த அக்காள் ஒருவர் ஆம்பூருக்கு அண்மையிலுள்ள ஷூ கம்பெனி ஒன்றில் தையற்பகுதியில் வேலை செய்பவர். ஒரு நாள் அவர் கம்பெனி பஸ்ஸினின்றும் இறங்கி வீடு வந்து சேர்ந்த மாலை ஏழு மணியளவில், அவர் தம்பியைப் பற்றிச் சில கேட்கவேண்டும், நிலையத்துக்கு வருக என்று காவல் நிலையத்தினின்றும் தொலைபேசி வந்தது. அவர் தந்தையார் முப்பதாண்டுக்காலம் தோல் ஷாப்பிற் சுண்ணாம்புக் குழியருகே நின்று உழைத்தவர். "நமக்கேன் பொல்லாப்பு? போய்விட்டு வந்துவிடுவோம்" என்றார். யாமும் துணையாகச் சென்று, இரவு பத்து மணிகாறும் ஒரு பெஞ்சின்மீது அமர்ந்திருந்தோம். அவரை ஒருவரும் தீண்டிற்றிலர், கடுஞ்சொல்லும் கூறிற்றிலர். ஆயினும் மறுநாள் தெருவில் எழுந்த அலர் மூன்று நாள் அவரை வேலைக்குச் செல்லவொட்டாது தடுத்தது. அந்நேரத்தில் அவரை அங்கு வரச்சொல்லச் சட்டம் இடந்தந்ததா என்பது எம்முள் ஒருவருக்கும் தெரியாது. வழக்குரை காதையை மனப்பாடமாக ஒப்பிக்க வல்ல எமக்கும் தெரியாது!

இனிக் கோவலன் கதையைச் சட்டக் கண்கொண்டு நோக்குவாம். அரசியின் சிலம்பு காணாமற் போயிற்று. அதனைக் கவர்ந்த பொற்கொல்லனே பிறன் ஒருவன்மீது பழி சுமத்தினான். அரசன் குற்றஞ்சாட்டப்பட்டவன் முகத்தைக் காணவில்லை. அவனை ஒரு சொல்லும் கேட்கவில்லை. கொல்லச் சென்ற காவலருள்ளும் இவன் கள்வனாகத் தோன்றவில்லை என்று ஐயுற்றார் இருந்தனர். பொற்கொல்லன் பேசிப்பேசி அவ்வையத்தை அழித்தான். அறிவிலாதவனும் குடியனுமாகிய ஒருவன் வாளை ஓச்சினான். சிலம்பின் பரல் முத்தோ மாணிக்கமோ என்னும் சோதனை, உயிர் போன பின்னரே நடந்தது. கண்ணகி வேண்டியது இரக்கமன்று. முன்னரே நடந்திருக்கவேண்டிய விசாரணையையே அவள் வேண்டினாள்.

இது பழங்கதை என்று தள்ளுவார்க்கு எம் பக்கத்தூரிலேயே விடை உண்டு. 2015-ஆம் ஆண்டிற் பள்ளிகொண்டாப் பகுதியில் ஒரு பெண் காணாமற் போனாள். அதனைக் குறித்துப் போலீசாரால் விசாரிக்கப்பட்ட ஆம்பூர் இளைஞர் ஒருவர் சின்னாட்களில் மருத்துவமனையில் உயிர்நீத்தார். ஜூன் 27-ஆம் நாள் இரவு ஆம்பூரிற் பெருங்கலகம் மூண்டது, வண்டிகள் எரிந்தன, காவலர் பலர் காயமுற்றனர். பின்னர் அப்பெண் உயிருடன் கண்டுபிடிக்கப்பெற்று உயர்நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டாள். காணாமற் போனது கிடைத்தது. போன உயிர் மீளவில்லை. அவ்விரவில் அடிபட்ட காவலரும் நம் போன்ற ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளே என்பதையும் யாம் மறவோம்.

நிற்க. இத்தகைய தீங்கைத் தடுக்கச் சட்டம் செய்திருப்பது யாது? 1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 21-ஆம் உறுப்பு, சட்டம் வகுத்த நெறியானன்றி ஒருவரது உயிரையும் உரிமையையும் பறித்தலாகாது என்கின்றது. 22-ஆம் உறுப்பின்படி, கைது செய்யப்பட்டவருக்குக் காரணம் உரைத்தல் வேண்டும். அவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளலாம். வழிச்செல்லும் நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அவர் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தப்படல் வேண்டும். 1996 டிசம்பரில் டி. கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் பதினொரு கட்டளைகளை வகுத்தது. கைது செய்யும் காவலர் பெயர்ப்பட்டை அணிதல், கைதுக்குறிப்பில் உறவினரோ ஊராரோ சான்றாகக் கையொப்பமிடுதல், காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கொருமுறை மருத்துவர் சோதித்தல் என்பன அவற்றுட் சில. மதுரைக் காவலரிடம் இவற்றுள் ஒன்றேனும் இருந்திருப்பின் கோவலன் பிழைத்திருப்பான்.

பெண்டிரைப் பற்றிய விதிகளே எம் கருத்தை மிகுதியும் கவர்ந்தன. 2024 ஜூலை முதல் நாள்தொட்டு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்பது வழங்குகின்றது. (பெயர் தமிழ் நாவுக்கு அரிது, பொருள் அறிதற்கு எளிதே.) ஒரு வழக்கின் செய்தி அறிந்தவரை விசாரணைக்கு அழைப்பதாயின் எழுத்து மூலமே அழைத்தல் வேண்டும் என்பதும், பெண்ணை அவள் உறையும் இடத்துக்கு வெளியே எங்கும் வரச்சொல்லல் ஆகாது என்பதும் அதன் 179-ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் 160-ஆம் பிரிவாய் நின்றதும் இதுவே.

இவ்விதிக்கு உயிர் கொடுத்தவர் ஒரிசாவின் முதலமைச்சராயிருந்த நந்தினி சத்பதி அம்மையார். 1977-இல் அவரைக் காவல் நிலையத்துக்கு வருவித்து, எழுத்தில் வினாக்களைத் தந்து விடை கேட்டனர். தமக்கெதிராகத் தாமே சான்று பகரக் கட்டாயப்படுத்தலாகாது என்னும் 20-ஆம் உறுப்பைக் காட்டி அவர் மறுத்தார். 1978-இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பை எழுதிய நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், அம்மௌன உரிமையை விரித்துரைத்ததோடு, ஒரு பெண்ணை நிலையத்துக்கு அழைத்ததையும் கண்டித்தார். முதலமைச்சராயிருந்தவருக்கே அந்நிலை எனின், ஷூ கம்பெனித் தொழிலாளிக்குக் கேட்கவும் வேண்டுமோ?

எனினும் 2023-இல் இயற்றிய புதிய சட்டம், அப்பெண் தானே விரும்பி வருவாளாயின் நிலையத்துக்கு வரலாம் என்றொரு தொடரைச் சேர்த்துள்ளது. அதனைப் படித்தபோது எமக்கு அக்காளின் தந்தையார் சொல் நினைவுக்கு வந்தது. "போய்விட்டு வந்துவிடுவோம்" என்பது விருப்பமா, அச்சமா? ஏழையின் விருப்பத்தை எவ்வாறு அளப்பது என்பதனைச் சட்டம் சொல்லவில்லை. இத்தொடர் அங்கு இல்லாதிருப்பதே நன்று என்பது எம் துணிபு.

கைதுக்கும் தனி விதிகள் உள. பெண்ணைக் கைது செய்யுங்கால் ஆண் காவலர் அவள் உடலைத் தீண்டலாகாது. கதிரவன் மறைந்த பின்னும் எழுமுன்னும் அவளைக் கைது செய்யலாகாது. இன்றியமையாத நிலையிற் பெண் அதிகாரியே எழுத்து மூலம் மாஜிஸ்திரேட்டின் அனுமதியை முன்னரே பெறல்வேண்டும். இந்த இரவு விதி 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. ஆனால் 2025 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இவ்விதியை மீறியதொன்றாலேயே கைது செல்லாததாகிவிடாது என்றும், மீறிய அதிகாரி தக்க காரணம் காட்டல் வேண்டும் என்றும் தீர்ப்புரைத்தது. வேலி உண்டு, அதன் முள் சிறிது மழுங்கியது என்று கொள்க.

இத்துணைக் காப்பு எற்றுக்கெனின், நிலையத்துள்ளேயே நேர்ந்த கொடுமைகள் பல. 1972-இல் மகாராட்டிரத்தில் பழங்குடிச் சிறுமி ஒருத்தி காவல் நிலையத்தில் மானமிழந்தாள். 1978-இல் உச்சநீதிமன்றம் காவலரை விடுவித்தது. அவள் உடலிற் காயமில்லாமையே அவள் இசைவுக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. அடுத்த ஆண்டு உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர் என்னும் சட்ட ஆசிரியர் நால்வர் தலைமை நீதிபதிக்கு வெளிப்படையாக ஒரு கடிதம் வரைந்தனர். ஆசிரியர் எழுதிய கடிதமும் சட்டத்தை அசைத்தது: 1983-இல் வந்த திருத்தத்தின்படி, காவலில் உள்ள பெண் தான் இசையவில்லை என்று கூறின், நீதிமன்றம் அவ்வாறே கொள்ளல் வேண்டும்.

நம் நாட்டில் வாச்சாத்தி உண்டு. 1992 ஜூன் 20-இல் சந்தனக்கட்டைச் சோதனை என்று தருமபுரி மாவட்டத்து அம்மலையடிச் சிற்றூரிற் புகுந்த வன, காவல், வருவாய்த்துறையினர் செய்தவற்றை எழுதக் கை கூசுகின்றது. பதினெட்டுப் பெண்கள் நீதி கேட்டு நின்றனர். குற்றஞ்சாட்டப்பட்டோர் 269 பேர். 2011-இல் தீர்ப்பு வருமுன் 54 பேர் இறந்தொழிந்தனர்; எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்த்தது. உயர்நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது 2023 செப்டம்பர் 29-இல். முப்பத்தோராண்டு! கண்ணகிக்கு ஒரு பகலிற் கிடைத்தது இவர்க்கு ஒரு தலைமுறை கழித்துக் கிடைத்தது.

பொருளில்லார் வழக்காட இயலுமோ எனின், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, வருமானம் யாதாயினும் பெண்கள் அனைவருக்கும் கட்டணமின்றி வழக்கறிஞர் உதவி அளிக்கின்றது. 15100 என்னும் எண்ணில் அதனைக் கேட்கலாம்.

இவற்றையெல்லாம் படித்தபின் 179-ஆம் பிரிவின் பொருளை ஒரு தாளில் எளிய தமிழில் எழுதி அக்காளிடம் தந்தோம். அவர் அதனை மடித்துச் சோற்று டப்பாவை வைக்கும் பையில் வைத்துக்கொண்டார். இரு கிழமை கழித்து மீண்டும் தொலைபேசி வந்தது. இம்முறை பேசியவர் தந்தையார், தாளைக் கையிற் பிடித்தவண்ணம், "எழுத்திலே அனுப்புங்கள் ஐயா, பெண்பிள்ளை வீட்டில்தான் இருப்பாள்" என்றார். அவர் குரல் சிறிது நடுங்கியது. மறுநாட் காலை பெண் காவலர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் அமர்ந்து, தேநீர் அருந்தி, இருபது நிமிடத்தில் வேண்டியவற்றைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். அக்காள் ஒன்பது மணி பஸ்ஸுக்கே வேலைக்குச் சென்றார்.